ஏரிக்கரையில் இரண்டு சம்பந்திகள்

வருங்காலச் சம்பந்தியோடு மோட்டார் சைக்கிளில் மெக்சிகோ போகப்போகிறேன் என்று சொன்னதும், டெக்சாஸில், கேட்டி என்கிற ஊரில், எங்கள் தெருத் தமிழர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன் அங்கிள், ஃப்ளைட் இல்லையா?"

ஃப்ளைட் இருந்தது. ஆனால் ஃப்ளைட்டில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் பேச வேண்டும். எனக்கும் ராகவனுக்கும் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. என் மகன் அருணும் அவர் மகள் வித்யாவும் பே ஏரியாவில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். இரண்டு வருடம் பழகிவிட்டு ஒரு நாள் வீடியோ காலில் எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். நிச்சயதார்த்தம் நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில் ராகவன் வீட்டிலேயே நடந்தது. அவர் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் பெண்களெல்லாம் புடவை பார்க்க மாடிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து, அவர் டெக்சாஸ் வெயிலையும் நான் நியூ ஜெர்சிக் குளிரையும் முக்கால் மணி நேரம் விசாரித்துக்கொண்டோம். இதற்கு மேல் முடியாது என்று நான் பாத்ரூம் தேடிப்போய்த் தவறான கதவைத் திறந்தேன். அது கராஜ். உள்ளே, காருக்குப் பக்கத்தில், நான் வைத்திருப்பது போலவே ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் நின்றது.

பின்னாலேயே வந்த ராகவன், "ஓட்டுவீங்களா சம்பந்தி?" என்றார்.

காபி ஆறிப்போய், அதை இரண்டாம் தடவை சுடவைத்து, அதுவும் ஆறியபிறகுதான் நாங்கள் கராஜிலிருந்து வெளியே வந்தோம்.

என் மனைவி மீனா இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மெக்சிகோவில் செம்பைத் தட்டி அழகழகாகக் கிண்ணம் செய்கிற ஊர் ஒன்று இருப்பதாக அவள் எங்கோ பார்த்திருந்தாள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ரிட்டர்ன் கிஃப்டாக அதைக் கொடுக்க ஆசை. "ரெண்டு பேரும் போயி சாம்பிள் பாத்து ஆர்டர் குடுத்துட்டு வாங்க. அப்படியே கொஞ்சம் பழகிக்கங்க. இல்லன்னா கல்யாண மண்டபத்துலயும் வானிலை அறிக்கைதான் வாசிப்பீங்க."

மார்ச் கடைசியில் ராகவன் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து நான்கு நாள் தனியாக ஓட்டிக்கொண்டு கேட்டி வந்து சேர்ந்தார். அறுபத்தொரு வயது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது. என் பொறாமை அங்கேயே ஆரம்பித்தது. எனக்கு ஐம்பத்தேழுதான். நான் ஆபீஸுக்கே காரில் போகிறவன்.

மறுநாள் காலை மீனா இரண்டு வண்டிச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். எதிர்வீட்டு அமெரிக்கர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று அதை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்.

முதல் நாள் முழுக்க ஒரே சிக்கல், யார் முன்னால் போவது என்பதுதான். நான் பிள்ளையைப் பெற்றவன், அவர் பெண்ணைப் பெற்றவர். அவர் என்னை முந்த மாட்டார். வயதில் மூத்தவர் என்று நானும் அவரை முந்த மாட்டேன். ஃப்ரீவேயில் இரண்டு பெரிய வண்டிகள் ஒன்றுக்கொன்று கையைக் காட்டி "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? பின்னால் வந்த ட்ரக்குகள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் ஜன்னலைத் திறந்து எங்கள் இருவரின் தாய்மாரையும் விசாரித்தார். ஒரு பெட்ரோல் பங்கில் நின்று, மைல் கணக்கு வைத்து மாறி மாறிப் போவதென்று உடன்படிக்கை செய்துகொண்டோம். நிச்சயதார்த்தத்தில்கூட இவ்வளவு ஷரத்துகள் இல்லை.

எல்லையைக் கடந்ததும் ராகவன் வேறு ஆளாகிவிட்டார். மனிதர் ஆறு மாதம் போனில் ஸ்பானிஷ் படித்திருக்கிறார். இலக்கண சுத்தமாக, ஆனால் நிகழ்காலத்தில் மட்டும் பேசுவார். "நாங்கள் நேற்று வருகிறோம்", "நாங்கள் நாளை வருகிறோம்" என்று அவர் சொல்ல, மெக்சிகோக்காரர்கள் பொறுமையாகத் தலையாட்டினார்கள். அவர் சைவம். ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் மாமிசம் இல்லாமல் வேண்டும் என்று கேட்பார். அவர்களும் மலர்ந்த முகத்தோடு கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழியை அங்கே யாரும் மாமிசத்தில் சேர்ப்பதில்லை. கடைசியில் பீன்ஸ்தான் கதி என்று முடிவு செய்தபோது, பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள் என்று தெரியவந்தது. மூன்று நாள் மனிதர் வாழைப்பழத்திலும் நிகழ்காலத்திலும் ஓட்டினார்.

நாலாம் நாள் மதியம், மலை இறங்கித் திரும்பினால் பாட்ஸ்குவாரோ ஏரி. கொடைக்கானல் உயரம், கொடைக்கானல் காற்று. கோக்கர்ஸ் வாக் கூட்டமும் ஹோம் மேட் சாக்லேட்டும் மட்டும் இல்லை. சாம்பல் நீரில் நடுவே கூம்பு மாதிரி ஒரு தீவு. கரையோரமாக ஓட்டு வீடுகள் கொண்ட சின்ன ஊர். அதன் பெயரை நான் கடைசிவரை சரியாகச் சொல்லவில்லை என்று ராகவன் சொல்வதால் இங்கே எழுதப்போவதில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டு வந்த நான், ஊர் எல்லையில் படுத்திருந்த வேகத்தடையைப் பார்க்கவில்லை.

மெக்சிகோவின் வேகத்தடைக்கு டோப்பே என்று பெயர். நம்மூரில் பெயருக்காவது வெள்ளைக்கோடு போடுவார்கள். இங்கே அதைத் தாரின் நிறத்திலேயே, முழங்கால் உயரத்துக்கு, யாரும் எதிர்பாராத இடமாகப் பார்த்துக் கட்டுகிறார்கள். நான் பறந்தேன். வண்டியும் பறந்தது. இருவரும் தனித்தனியாக இறங்கினோம். எனக்கு ஒன்றுமில்லை. வண்டியின் முன்சக்கர ரிம் அப்பளம்போல வளைந்துவிட்டது.

இரண்டு கையாலும் என்னைத் தூக்கி நிறுத்திய ராகவன், தலை, தோள், முட்டி என்று வரிசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இப்ப நான் மைல் கணக்குல பின்னால வந்தேன் சம்பந்தி" என்றார். என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை மறுபடி மறுபடி தட்டிவிட்டார். அதற்குப்பின் எனக்கு அவர்மேல் பொறாமை போய்விட்டது.

ஊரில் டயர் கடை வைத்திருந்தவர் பெத்ரோ. தொப்பியும் பெரிய மீசையும் உள்ளவர். ரிம்மைத் தட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, மொரேலியா நகரத்திலிருந்துதான் வேறு வரவேண்டும் என்றார். எப்போது வரும்? "அவோரித்தா." இதற்கு அகராதிப்படி 'இப்போதே' என்று அர்த்தம் என ராகவன் மகிழ்ச்சியோடு மொழிபெயர்த்தார். நம் எலக்ட்ரீஷியன் போனில் சொல்வாரே, "தோ, தெருமுனைல வந்துட்டேன் சார்" என்று, அதன் ஸ்பானிஷ் அது என்பது எங்களுக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது.

தங்குவதற்கு டோன்யா எல்வீராவின் வீடு கிடைத்தது. டோன்யா என்பது வயதில் மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது. மூன்று அறைகளை வாடகைக்கு விட்டு, முற்றத்தில் சமைத்துப் போடுகிறவர். எழுபது வயது இருக்கும். எங்களை மேலும் கீழும் பார்த்து முதல் கேள்வியாக, "அண்ணன் தம்பியா?" என்றார். ராகவன் இல்லை என்றார். நண்பர்களா? அதுவும் இல்லை. அவர் மகன், என் மகள், கல்யாணம் என்று ராகவன் விரல்களைக் கோத்துக் காட்டி விளக்கியதும், எல்வீரா கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "ஆ! கொன்சுவேக்ரோஸ்!"

ராகவன் போனைத் தடவிப் பார்த்துவிட்டுத் துள்ளினார். "சம்பந்திக்கு இவங்க பாஷைல தனி வார்த்தையே இருக்கு!" நிச்சயம் ஆனதிலிருந்து அமெரிக்காவில் இதைச் சொல்ல முடியாமல் தவித்தவர்கள் நாங்கள். "மை சன்ஸ் வைஃப்ஸ் ஃபாதர்" என்று ரயில்பெட்டிபோல் கோத்து ஆபீஸில் சொன்னால், இரண்டாம் பெட்டியிலேயே கேட்பவர் இறங்கிவிடுவார். இங்கே ஒரே சொல். மாலைக்குள் ஊர் முழுக்க நாங்கள் 'லோஸ் கொன்சுவேக்ரோஸ்' ஆகிவிட்டோம். ரொட்டிக் கடையில், படகுத்துறையில், சர்ச் வாசலில், எல்லா இடத்திலும் அதுதான் எங்கள் பெயர்.

எல்வீரா ராகவனின் பீன்ஸ் துயரத்தைக் கேட்டுத் திகைத்துப்போனார். "பாவம், வியாதியா?" என்று என்னிடம் சைகையில் கேட்டார். மறுநாள் முதல் அவருக்குத் தனிச் சட்டியில், எண்ணெயில் செய்து போட்டார். இளஞ்சோளத்தை அரைத்து, சோளத்தோலில் பொதிந்து, ஆவியில் வேகவைத்த உச்சேப்போ என்ற பண்டத்தைத் தின்றுவிட்டு ராகவன், "சம்பந்தி, இது நம்ம கொழுக்கட்டைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றார். ஏழு தின்றார். எனக்கு ஏரியிலேயே பிடிக்கிற பொடிமீன் வறுவல் கிடைத்தது. நெத்திலியேதான், மேலே எலுமிச்சையும் மிளகாய்த்தூளும். அதை மட்டும் அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து, படகுத்துறைப் பக்கம் போய் நின்று தின்றேன். சம்பந்தி மரியாதை.

இரண்டாம் நாள் செம்புக்காரர்கள் ஊருக்குப் போனோம். இருக்கிற ஒரே வண்டியில், ராகவன் ஓட்ட, நான் பின்னால். எங்கே பிடித்துக்கொள்வது என்பதற்கு எந்த சாஸ்திரத்திலும் வழி சொல்லவில்லை. இடுப்பைப் பிடிக்க வெட்கம், தோளைப் பிடித்தால் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி. முதல் டோப்பே வந்ததும் இந்த விவாதம் தானாக முடிந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் நெருப்பிலிருந்து செம்பை எடுத்துத் தட்டி, உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பிள் கிண்ணம் செய்து கொடுத்தார். ராகவன் போனில் காட்டிய தமிழ் எழுத்தைப் பார்த்து அதன் விளிம்பில் பெயர்களையும் வெட்டினார். 'அருண்' என்பதில் மட்டும் புள்ளியைத் தூசி என்று நினைத்து விட்டுவிட்டார். 'அருண வித்யா' என்று ஆகிவிட்டது. "ஏதோ பள்ளிக்கூடத்துப் பேர் மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே திரும்பினோம். ஆர்டரை மறுநாள் உறுதி செய்வதாகச் சொல்லியிருந்தோம்.

எல்வீரா வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தும்போதே இருவர் போனும் ஒன்றாக அடித்தன. என்னுடையதில் மீனா. அவருடையதில் வித்யா. அவர் எலுமிச்சை மரத்தடிக்குப் போனார். நான் கிணற்றடிக்குப் போனேன்.

"எங்க இருக்கீங்க? பக்கத்துல அவர் இருக்காரா?" என்றாள் மீனா. "கல்யாணம் வேண்டாங்கறாங்க. ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்களாம். மியூச்சுவலாம். கேட்டா அதத்தான் சொல்றான். எனக்குத் தெரியும், அந்தப் பொண்ணுதான். எல்லாம் அவ இஷ்டம். நீங்க அந்த ஆர்டர குடுத்துத் தொலைக்காம மொதல்ல கிளம்பி வாங்க. இனிமே அவரோட என்ன பேச்சு?"

"வண்டி இல்லையே மீனா."

"அப்ப நடந்து வாங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

எலுமிச்சை மரத்தடியில் ராகவன் முதுகைக் காட்டி நின்றிருந்தார். ரொம்ப நேரம் திரும்பவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். எல்வீரா சிரித்துக்கொண்டே வந்து, நாங்கள் மேசையில் வைத்திருந்த சாம்பிள் கிண்ணத்தில் பச்சைமிளகாய்ச் சட்னியை ஊற்றி நடுவில் வைத்தார். அருண வித்யாவின் மேல் சட்னி வழிந்தது. அப்படித்தான் சண்டை ஆரம்பித்தது. வாங்க, போங்க மாறாமல், குரலை உயர்த்தாமல், ரொட்டியைப் பிட்டுக்கொண்டே.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பையன் எந்த விஷயத்துலயும் ஒரு முடிவுக்கு வரமாட்டான்னு வித்யா ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தா."

"நீங்களும் தப்பா நினைச்சுக்காதீங்க. எல்லா முடிவையும் உங்க பொண்ணே எடுத்துட்டா, அவன் எடுக்கறதுக்கு மிச்சம் என்ன இருக்கும்?"

"அவ அம்மா இல்லாம வளர்ந்த பொண்ணு இல்லைங்க. வளர்ந்தப்புறம்தான் அம்மா போனா. அதனால வளர்ப்பச் சொல்லாதீங்க."

"நான் வளர்ப்ப எங்க சொன்னேன்?"

"சொல்ல வந்தீங்க."

பிறகு ராகவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இனிமே சம்பந்தின்னு கூப்பிட வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றார்.

"சரிங்க ராகவன் சார்" என்றேன்.

அந்த 'சார்' வெளியே வந்ததுமே தவறு என்று தெரிந்துவிட்டது. கன்னத்தில் அறைந்ததுபோல அவர் முகம் சுருங்கியது. எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் முழுக்கப் பேச்சில்லை. ஆனால் பேசாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. பெத்ரோவிடம் ரிம் வந்ததா என்று கேட்க ராகவன் வேண்டும். அவர் கேட்டுவிட்டு வந்தார். பதிலை என்னிடம் சொல்ல மாட்டார். ஆகவே எல்வீராவிடம் ஸ்பானிஷில் சொன்னார். எல்வீரா என்னிடம் வந்து, சக்கரம்போல் கையைச் சுழற்றி, தூரத்து மலையைக் காட்டி, தூங்குவதுபோல் தலையைச் சாய்த்து, மறுபடி எழுந்து சூரியனைக் காட்டினார். ரிம் நாளைக் காலை வரும். பத்தடி தள்ளி நின்ற ராகவன் சரியாகச் சொல்லிவிட்டாரா என்று ஓரக்கண்ணால் கவனித்தார்.

ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டி வந்தபோது இன்னொரு சங்கடம். சம்பந்தி போயாயிற்று. சார் ஆகவில்லை. மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. காலையில் அவர் கண்ணாடியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போனார். "என்னங்க..." என்று கூப்பிட்டுவிட்டேன். மீனா என்னைக் கூப்பிடுகிற அதே ராகத்தில். அவர் திரும்பிப் பார்த்து, கண்ணாடியை வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

ஊர்க்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. ரொட்டிக் கடையில் என்னைத் தனியாகப் பார்த்தால், கொன்சுவேக்ரோ எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் ராகவனுக்கு மூன்று வீடுகளிலிருந்து கஷாயம் வந்தது. மூன்றையும் அவர் குடிக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம், அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல், தீவுக்குப் போகிற படகில் ஏறினேன். முன்பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். பின்கோடியில், ஏற்கெனவே ராகவன். அவரும் அதே காரணத்துக்காக ஏறியிருக்கிறார். பயணிகள் அதிகமில்லை. துறையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் காற்று எழும்பியது. அகலமில்லாத படகு, அலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. படகுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்து, கையை ஆட்டி, ஏதோ சத்தமாகச் சொன்னார். பயணிகள் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் ராகவன் தமிழில் சொன்னார். "படகுலயே நாம ரெண்டு பேர்தான் கனமாம். ஆளுக்கு ஒரு மூலைல உக்காந்தா கவுந்துடுமாம். நடுவுல வந்து சேந்து உக்காரணுமாம்."

தவழ்ந்து வந்து நடுப்பலகையில் உட்கார்ந்தோம். முழங்காலோடு முழங்கால் இடித்தது. தண்ணீர் தெறித்து இருவர் சட்டையும் நனைந்தன. எனக்கு நீச்சல் தெரியாது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க. எனக்கு நீச்சல் தெரியும்" என்றார்.

"நல்லது. நீங்க பொழச்சுக்குவீங்க."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நேத்து வித்யா போன்ல அழுதா. யார் தப்புன்னு அவ ஒண்ணுமே சொல்லலீங்க. நானா சேத்துக்கிட்டதுதான் அத்தனையும். கடைசியா என்ன கேட்டா தெரியுமா? 'அப்பா, அருணோட அப்பா உங்கள அங்கயே விட்டுட்டுப் போயிட்டாரா'ன்னு. அதுதான் அவளுக்கு பயம். அவ அம்மா போனப்புறம் நான் யாரோடயும் எங்கயும் போனதில்ல. இந்த ட்ரிப் கிளம்பும்போது அவ எனக்கு ஜாக்கெட் வாங்கிக் குடுத்து, ஸ்கூல் பிள்ளைய அனுப்பற மாதிரி அனுப்பினா."

"வண்டி இல்லாம நான் எங்க போறது?" என்றேன்.

"அதையேதான் அவகிட்ட சொன்னேன்."

காற்று கொஞ்சம் தணிந்தது. ராகவன் கேட்டார்: "அருண் எப்படி இருக்கான்? பேசினீங்களா?"

நான் பேசவில்லை. செய்தி வந்து ஒரு நாள் முழுசாகப் போயிருந்தது. மீனாவிடம் மூன்று தடவை பேசியிருந்தேன். மண்டபத்துக்கு யார் சொல்வது, சொந்தக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எல்லாம் பேசியாயிற்று. கல்யாணம் நின்றுபோன பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வித்யா தன் அப்பாவைக் கூப்பிட்டாள். அருண் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற மாதிரி நான் வைத்துக்கொள்ளவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

அவர் தன் போனை எடுத்து என் கையில் வைத்தார். என்னுடையது நனைந்து அணைந்துபோயிருந்தது. தீவில் இறங்கி, பொடிமீன் வறுக்கிற கடைகளைத் தாண்டி, படிக்கட்டில் உட்கார்ந்து அருணைக் கூப்பிட்டேன். ராகவனின் நம்பரைப் பார்த்துவிட்டு அவன் எடுக்க ரொம்ப நேரம் தயங்கியிருக்க வேண்டும். "நான்தாண்டா" என்றதும் ஒரு பெருமூச்சு கேட்டது.

"டாட்? ஆர் யூ ஓகே?" என்றான். நான் அவனைக் கேட்க நினைத்ததை அவன் முந்திக்கொண்டு கேட்டுவிட்டான்.

"நீ எப்படிடா இருக்கே?"

"ஐம் ஃபைன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நாட் ரியலி" என்றான். அதற்குமேல் இருவரும் அதிகம் பேசவில்லை. நான் போனை வைக்கவுமில்லை. திரும்பி வந்தபோது ராகவன் கையில் ஒரு பொட்டலம். எனக்காகப் பொடிமீன் வறுவல் வாங்கி, தன்னிடமிருந்து எட்டத் தள்ளி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "படகுத்துறைல ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்க வேண்டாம். மொத நாளே பாத்துட்டேன்" என்றார்.

மறுநாள் உண்மையாகவே ரிம் வந்தது. செம்புப் பட்டறைக்குப் போய் ஆர்டர் இல்லை என்று சொன்னோம். சாம்பிள் கிண்ணத்தை எல்வீரா தர மறுத்துவிட்டார், சட்னிக்குப் பொருத்தமாக இருக்கிறதாம். கல்யாணம் நின்றுபோனதை ராகவன் அவரிடம் தன் நிகழ்காலத்திலேயே சொன்னார்: "கல்யாணம் இல்லை." எல்வீரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வழிக்கு என்று ராகவனுக்கு உச்சேப்போவும் எனக்கு மீனும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்து, வாசலுக்கு வந்து, டோப்பே இருக்கும் திசையை எனக்கு மட்டும் இரண்டு தடவை கையால் காட்டினார்.

திரும்பும் வழியில் முன்னால் போவது யார் என்ற பிரச்சினையே வரவில்லை. தோன்றியவர் முந்தினார்.

கேட்டி நெருங்க நெருங்க ராகவன் மெதுவாக வந்தார். எங்கள் எக்ஸிட்டுக்கு முந்தின பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "நான் இப்படியே போயிடறேன் சுந்தரம். இன்னும் வெளிச்சம் இருக்கு. வழில எங்கயாவது தங்கிக்கறேன். வீட்ல அவங்களுக்கு இப்ப என்னப் பாத்தா சங்கடமா இருக்கும்" என்றார். சுந்தரம் என்பது நான். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

எனக்கும் அந்த பயம் இருந்தது. இருந்தாலும், "ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். 'அவரோட என்ன பேச்சு' என்றவள் கதவைத் திறந்து என்ன சொல்வாளோ என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டதும் கராஜ் கதவு மேலே ஏறியது. மீனா நின்றிருந்தாள். பின்னால், தாடியோடு, அருண். பே ஏரியாவிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டான் என்று அப்போதுதான் தெரியும்.

மீனா ராகவனைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் கருத்து, உதடு வெடித்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் டிரைவ்வேயிலேயே நின்றார். அவள் முகத்தில் நாலைந்து விஷயம் வந்து போயின.

"என்னண்ணா இது, இப்படிக் கறுத்துப்போயி வந்திருக்கீங்க?" என்றாள். "உள்ள வாங்க. மொதல்ல குளிச்சிட்டுச் சாப்பிடுங்க."

நிச்சயதார்த்த நாளிலிருந்து அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அந்த உறவுக்குக் கல்யாணம் தேவைப்படவில்லை. நான் ஏரிக்கரையில் மூன்று நாள் தேடியும் 'என்னங்க'வைத் தாண்டிப் போய்ச் சேர முடியாத இடத்துக்கு, அவள் கராஜ் வாசலில் நின்றபடியே வந்துவிட்டாள்.

அருண் முன்னால் வந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், "ஹாய்... அங்கிள்" என்றான். நிச்சயம் ஆனபிறகு நாங்கள் கஷ்டப்பட்டுப் பழக்கிய 'மாமா'வை வலுக்கட்டாயமாகத் திருப்பி எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"எனக்கு அண்ணன்னா ஒனக்கு யாருடா?" என்றாள் மீனா.

அவன் யோசித்தான். இங்கே பிறந்த பிள்ளை, உறவுமுறைக் கணக்குக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். விடை கிடைத்ததும் அவனுக்கே சிரிப்பு வந்தது. "மாமா" என்றான். "சேம் வேர்ட்?"

"சேம் வேர்ட்தான்" என்றார் ராகவன். அவன் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இருவரும் பின்பக்கத் தோட்டத்தில் சாப்பாட்டு நேரம்வரை உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அருணும் வித்யாவும் பிறகு சேரவில்லை. சேரப்போவதுமில்லை. பிறந்தநாளுக்கு ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ராகவன் கிளம்பும்போது, அருண் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, என் ஹெல்மெட்டோடு வந்து நின்றான்.

"டாட், பைக் கீ வேணும். பியூமாண்ட் வரைக்கும், ரெண்டு மணி நேரம்தான், மாமாவ டிராப் பண்ணிட்டு வர்றேன்."

"ஒனக்கு லைசென்ஸ்?"

"காலேஜ்லயே வாங்கிட்டேன்" என்றான். மீனா என்னைப் பார்த்தாள். நான் மீனாவைப் பார்த்தேன். ராகவன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு முந்தின நாளே தெரிந்திருக்கிறது.

சாவியைக் கொடுத்தேன். இரண்டு வண்டிகளும் தெருமுனை வரை பக்கத்துப் பக்கமாகப் போயின. ஸ்டாப் சைனில் ராகவன் கையை நீட்டி அவனை முன்னால் போகச் சொன்னார். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் போனான்.

மத்தியானம் மெசேஜ் வந்தது. மீனாவுக்காகச் சத்தமாக வாசித்தேன். "டாட், லூசியானா வந்துட்டோம். பியூமாண்ட்ல நிக்கல, சாரி. இன்னிக்கு இங்க தங்கிட்டு நாளைக்கு வர்றேன். மாமா சாம்பார் சாதம் வேணும்னு வெயிட்டர்கிட்ட எக்ஸ்ப்ளைன் பண்ணிட்டிருக்காரு."

மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்ப நமக்கு மட்டும் நாலு தோசை ஊத்தறேன்" என்று எழுந்து போனாள்.